பழைய போனைப் போட்டுவிடாதீர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயிலிருந்து கோகிலவாணி. நான் நன்றாக இருக்கிறேன். கரும்பு வெட்டு முடிந்ததா? முழங்கால் வலி கம்மியா?

நான் செய்த பஸ் டிக்கெட் இணையப் பக்கத்தை உங்கள் போனில் திறந்து, "இன்னாம்மா, பட்டன்ல எழுத்து பாதி வெளிய தொங்கிக்கினு இருக்குது" என்றீர்களே, நல்லவேளை! ஆபீஸ் போன்களில் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பிரவுசரும் பட்டனுக்குத் தன் இஷ்டத்துக்கு இடைவெளி வைக்கிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டு நானே அளவு எழுதினேன். இப்போது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. மேனேஜருக்குச் சந்தோஷம்.

இத்துடன் உங்களுக்குப் புதுப் போன் வைத்திருக்கிறேன். பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுப்பவர் வந்தால் பழையதைப் போட்டுவிடாதீர்கள். இனி என் பக்கங்களை எல்லாம் அதிலும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கூரியர்காரர் நிற்கிறார், முடிக்கிறேன். பட்டன் சரியாகவே இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கோகிலா