திருமங்கலம் போன உன் குரல்

பழங்காநத்தம், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு,

காரின் பின்பக்கம் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். அயர்லாந்தில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? நீ இருந்து அது போயிருந்தால் சந்தோஷம். இந்த விஷயத்தைப் போனில் சொல்லலாமென்று இரண்டு முறை ஆரம்பித்தேன், உன் அம்மா பாதியில் பிடுங்கி, "ஒண்ணுமில்லடி, உங்கப்பா குப்பைத்தொட்டிய இடிச்சுட்டாரு" என்று ஒரே வரியில் கதையைக் கொன்றுவிட்டாள். அதனால் பருப்புப் பொடிப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். படிக்கும்போது தும்மல் வந்தால் பொடிதான் காரணம், நடை அல்ல.

இடித்தது உண்மை. மாநகராட்சித் தொட்டி, பச்சை நிறம், என் நெஞ்சு உயரம், தெருவில் எல்லோருக்கும் தெரிகிற பொருள். நான் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்காமல், அன்று காலைதான் மை அடித்த மீசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஊருக்குக் கிளம்பிய வாரம் கார் சாமான் மாட்டும் பாதுஷாவின் கடைக்கு என்னை இழுத்துப் போய், உன் குரலையே பதிந்து மாட்டிக் கொடுத்தாயே, ரிவர்ஸ் போட்டால் பேசுகிற பெட்டி, அது பாவம் ஒழுங்காகத்தான் கத்தியது. "அப்பா, பின்னாடி பாருப்பா, மெதுவா வாப்பா" என்று மூன்று முறை சொல்லிற்று. பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மாவும் சொன்னாள். வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சொல்லியும் கேட்காததன் பலனாகப் பம்பர் உடைந்து தொங்கியது.

கப்பலூர் பக்கம் நாம் வண்டி எடுத்த டீலரிடமே வேலைக்கு விட்டேன். நாலாம் நாள் புதுப் பம்பரோடு குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டேன் பார், வண்டியின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "யோவ்! கண்ண எங்கய்யா வச்சிருக்க? செவத்துல கொண்டு போயி சொருகாத!" என்றது. நான் பிரேக்கை மிதித்தேன். உன் அம்மா மெதுவாகத் திரும்பி, "யாருங்க இவ?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதவளா உங்களை இம்புட்டு உரிமையா வையிறா? இருபத்தெட்டு வருசமா நானே யோவ்னு கூப்புட்டதில்ல" என்றாள். அந்த நேரத்தில் எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான், இந்த அம்மாள் என் வண்டியில் இருக்கிறாள் என்றால் நீ எங்கே இருக்கிறாய்?

அங்கே விக்ரம் என்று ஒரு சூப்பர்வைசர், இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் கலையாத விபூதி, வாயில் கலையாத ஒரே வாக்கியம். "அது அவுட் ஃபிட்டிங் சார், கம்பெனி பொறுப்பில்ல." ஜாப் கார்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததைக் காட்டினான். வெளியே வாங்கி மாட்டிய எதற்கும் அவர்கள் பொறுப்பில்லையாம், கீழே என் கையெழுத்து. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்து, வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கத்துகிறவன் நான், என் கையெழுத்து அங்கே கம்பீரமாகச் சிரிக்கிறது. ஆனாலும் விடவில்லை. கழட்டினது யாருப்பா என்றேன், நாங்கதான் என்றான். மாட்டினது யாரு என்றேன், நாங்கதான் என்றான். அப்படியென்றால் வேறொருத்தர் பெட்டியை மாட்டினதுக்கு யார் பொறுப்பு என்றேன், "அது அவுட் ஃபிட்டிங் சார்" என்றான். உன் அம்மா குறுக்கே வந்தாள். "தம்பி, டெய்லர்ட்ட கிழிஞ்ச சட்டையக் குடுக்கோம். பையில கெடந்த வீட்டுச் சாவிய எடுத்து வச்சிட்டுத் தைக்கான். திருப்பிக் குடுக்கையில எதுத்த வீட்டுச் சாவியப் போட்டுக் குடுத்துட்டு, சாவி நான் செஞ்சதில்லன்னா ஒத்துக்குவியா? ஓடுதா ஓடலயான்னு நாங்க கேரண்டி கேக்கல. எங்க பிள்ளை எங்கன்னுதான் கேக்கோம்." விக்ரம் கம்ப்யூட்டரைத் தட்டினான். அதே நாள் வேலைக்கு வந்தது, அதே வெள்ளை, அதே மாடல், அதே பின் பம்பர். திருமங்கலத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் மொக்கைச்சாமி என்பவரின் வண்டி, இரண்டு நாள் முன்பே எடுத்துப் போய்விட்டாராம்.

நான் போன் போட்டேன். சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தால், மனிதர் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, வண்டி வந்த நாள்ல இருந்து அப்பா அப்பான்னு கூப்புடுதுண்ணே. எனக்கு ரெண்டும் பயலுக. ஒருத்தன் துபாய், ஒருத்தன் சிங்கப்பூர். போன் போட்டா, அம்மாட்ட குடுங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. இது ஒண்ணுதான் மெதுவா வாப்பாங்குது. பெட்டி இங்கன இருந்துட்டுப் போகட்டுமேண்ணே, உங்களுக்கு வேணா புதுசு வாங்கித் தாரேன்." எனக்குச் சுருக்கென்றது பவா. பரிதாபமா பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் பெற்ற மகள் திருமங்கலத்தில் ஒரு தீவனக்காரரை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே யோவ் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நல்லவேளையாக அவர் சம்சாரம் பாண்டிமீனா போனைப் பிடுங்கினார். குரலைக் கேட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, காலைத் தூக்கி பிரேக்கைத் தேடினேன். "அண்ணே, நான் வையிறத எம் புருசன் மட்டுந்தான் கேக்கணும். சனிக்கிழமை வாரோம்" என்றார்.

சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் முதுகு காட்டி நிறுத்தி, இரண்டு பெட்டிகளையும் கழட்டினார்கள். நான் பத்திர பாஷையில் ஒரு வரி சொல்லச் சொல்ல, விக்ரம் என் ஜாப் கார்டில் கையால் எழுதிக் கொடுத்தான், கழட்டிய பொருளைக் கழட்டிய வண்டியிலேயே மாட்டித் தருவோம் என்று. ஜெயித்த மிதப்பில் உன் பெட்டியைக் கையில் வாங்கினேன். சோப்பு டப்பா அளவு, ஒரே தூசி. கைக்குட்டையால் அழுத்தி, ஆசையாகத் துடைத்தேன். ஓரத்தில் ஒரு பொத்தான் இருப்பதும், அதை அழுத்திப் பிடித்தால் பழையது அழிந்து புதிதாகப் பதியும் என்பதும் எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் நின்று விக்ரம் மொக்கைச்சாமிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்து ரிவர்ஸ் போட்டேன். "அது அவுட் ஃபிட்டிங் சார், கம்பெனி பொறுப்பில்ல!" என்றது வண்டி. அந்தப் பக்கம் மாலை போட்ட புதுக் காரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இன்னொரு முறை போட்டேன், இன்னொரு முறை பொறுப்பில்லை என்றது. விக்ரம் முகத்தில் விபூதி மட்டும்தான் இருந்தது. "சார், யாரு அழுத்துனா?" என்றான். எல்லோரும் என் கைக்குட்டையைப் பார்த்தார்கள். பாண்டிமீனா, "யோவ்னு இவரையுந்தான் சொல்லணும் போல" என்றார். உன் அம்மா போய் வண்டியில் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். அவள் அப்படிச் சாத்தினால் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். திட்ட ஆள் தேடினேன், யாருமில்லை. இந்த ஒன்றுக்குப் பொறுப்பு நான்தான்.

நாலு நாள் பழங்காநத்தம் முழுக்க விக்ரம் குரலில் பொறுப்பைத் தட்டிக்கழித்துக்கொண்டு திரிந்தேன். உன்னையே மறுபடி பேசி அனுப்பச் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்புகிற வாரத்துத் தொண்டை அது, இப்போது கேட்டால் வராது என்றாள். ஐந்தாம் நாள் மொக்கைச்சாமி வாசலில் வந்து நின்றார், செல்லை நீட்டினார். பையன்களுக்கு அனுப்ப வேண்டுமென்று, தன் கடைக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வீடியோ பிடித்து வைத்திருந்தாராம். "அப்பா, பின்னாடி பாருப்பா, மெதுவா வாப்பா." நீயேதான், அதே தொண்டை. ஆனால் நீ முடித்த கையோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரும் ரொம்ப மரியாதையாக, "வாரேன்மா" என்கிறார்.

பாதுஷாவிடம் கொண்டுபோனோம். பெட்டியில் ஏற்றிவிட்டு, "அண்ணே, கடைசில வர்ற ஆம்பளக் கொரல வெட்டிறவா? ஒரு நிமிச வேலை" என்றான். மொக்கைச்சாமி டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உன் அம்மா முந்திக்கொண்டாள். "கெடக்கட்டும் பாதுஷா. பிள்ளை கூப்புட்டா யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்ல. இவருக்கு மீசையப் பாக்கவே நேரம் பத்தல." எனவே இப்போது நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் நீ என்னைக் கூப்பிடுகிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் வாரேன்மா என்கிறார். ஒரு தடவையாவது அவரை முந்திவிட வேண்டுமென்று பார்க்கிறேன், முடியவில்லை.

குளிரில் காதைக் கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, பொடிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்று. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பாண்டிமீனாவும் விசாரித்தார், கொஞ்சம் சத்தமாக. முக்கியமான விஷயம், பொங்கலுக்கு டிக்கெட் போட்டதும் தேதியை முதலில் எனக்கு மட்டும் சொல், அம்மாவிடம் சொல்லாதே, அவள் பாண்டிமீனாவிடம் சொல்லிவிடுவாள். விமான நிலையத்தில் மொக்கைச்சாமி எனக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
உன் பழங்காநத்தத்து அப்பா,
பீமாராவ்