சீறும் சிங்கமும் ஒரு நாய்க்குட்டியும்

செப்டம்பர் 11, திங்கள்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. தீபாவளிப் பட்டாசு லேபிள் காய நல்லது.

மாலை, நான் வேலை பார்க்கும் பிரஸ் வாசலில் ஒரு கம்பெனி வேன் நாய்க்குட்டியின் பின்னங்காலில் ஏறிவிட்டு நிற்காமல் போனது. அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கி வந்துவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்: "ஏ புள்ள, அரிசி வாங்கிட்டு வரச் சொன்னா நாய வாங்கிட்டு வர்ற?"

அரிசி மறந்தேபோச்சு. உப்புமா. குட்டிக்குப் பால்.

செப்டம்பர் 12, செவ்வாய்

அரை நாள் லீவு. விருதுநகர் கால்நடை ஆஸ்பத்திரி. தொடை எலும்பு முறிவு. மதுரையில் கம்பி வைக்க வேண்டுமாம். தாமதித்தால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். செலவு என் மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல்.

இவரிடம் பாதித் தொகைதான் சொன்னேன். அதற்கே, "எனக்குக் கால் ஒடிஞ்சா இம்புட்டு செலவழிப்பியா?" பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

வசூல் ஆரம்பம். சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டரிலேயே நோட்டீஸ். புதிதாக வடிவமைக்க நேரமில்லை. 'சீறும் சிங்கம்' சரவெடி லேபிளைத் திறந்து, சிங்கத்தை எடுத்துவிட்டுக் குட்டியின் முகத்தை வைத்தேன். பிரிண்ட் எடுத்து, 'உதவுங்கள்' என்று பேனாவால் எழுதி, உண்டியலில் ஒட்டி, டீக்கடையில் வைத்தாயிற்று.

பைண்டிங் பேச்சியக்கா: "நாய்க்கு மொய் வாங்குற மொத ஆளு நீதாம்மா."

ஒரு அம்மா காசு போட்டுக் கும்பிட்டார். "எந்தக் கோயிலுக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் பேச்சியக்கா, "பைரவருக்குத்தான்."

அதன்பின் வசூல் பரவாயில்லை. மனசுதான் உறுத்துகிறது. பொய்யென்றும் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 16, சனி

தொலைந்தேன்.

நோட்டீஸை வேறு பெயரில் சேமிக்க மறந்திருக்கிறேன். ராத்திரி ஷிப்ட்காரர்கள் அதையே லேபிள் என்று நினைத்து ஒரு லோடு அடித்துவிட்டார்கள். மேலே தீப்பொறி பறக்க 'சீறும் சிங்கம்'. கீழே காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுகிற மாதிரி நாய்க்குட்டி.

முதலாளி: "ஏம்மா, சிங்கம் எங்க? இது சீறுமா? இதப் பாத்தா எனக்கே அழுக வருது!"

நஷ்டம் சம்பளத்தில் பிடிப்பாராம். பாத்ரூமில் போய் அழுதேன். குட்டிக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. ராத்திரி பாலைத் தொடவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குட்டியைப் பிரஸ்ஸுக்கே கொண்டுபோய் மேஜைக்கடியில் ஒளித்தேன்.

லேபிள் ஆர்டர் கொடுத்த விஸ்வநத்தம் அண்ணாச்சி வந்தார். கூடவே வடக்கத்தி வியாபாரி. லேபிளைப் பார்த்த அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. வியாபாரியோ விழுந்து விழுந்து சிரித்தார். "இது நல்லா இருக்கு! பசங்க இதுதான் கேக்கும்!"

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "சிங்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. நாய்க்குட்டி எவன்கிட்ட இருக்கு? ஆர்டர இன்னொரு மடங்கு போடுங்க. பேரும் அப்படியே இருக்கட்டும்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அண்ணாச்சி, படத்துல இருக்கிற பிள்ளைக்குக் கூலி தருவீகளா?"

"யாரு பிள்ள அது?"

பெட்டியோடு தூக்கிக் காட்டினேன். கையில் வாங்கினார். குட்டி அவர் வெள்ளை வேட்டி நனைய ஒன்றுக்குப் போய்விட்டது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "தீபாவளிக்கு முன்னாடியே புஸ்வாணம் விட்டுட்டாரே!"

ஆபரேஷன் செலவு முழுக்க அவருடையது. உண்டியல் பணம் மருந்துக்கு. குட்டிக்குப் பெயர் புஸ்வாணம் என்றாகிவிட்டது.

செப்டம்பர் 20, புதன்

மதுரை. கேட்காமலே இவரும் லீவு போட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டி மேலிருந்த பட்டாசுப் படத்தைப் பார்த்துப் பதறினார். "வெடியெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாதுங்க!" பெட்டி குரைத்தது.

கம்பி வைத்தாயிற்று. வெளியே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இவர் டீகூடக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

தூறல். புஸ்வாணம் சாப்பிடுகிறது. நல்ல பசி. பிஸ்கட் கொடுத்த இவர் விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசிக்கு வரிசை. நர்ஸம்மா நிமிராமலே கேட்டார்: "தெருநாயா, வீட்டு நாயா?"

இவர் என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"வீட்டு நாய்தாங்க."