மணியில் சுற்றிய கறுப்பு டேப்

அனுப்புநர்:
மெர்வின் ஸ்டாட்னிக்,
ஐஸ் தளப் பராமரிப்பாளர்,
வில்லோபெண்ட் ஹாக்கி அரங்கம்,
சஸ்காட்செவன், கனடா.

பெறுநர்:
குளிரூட்டும் இயந்திரங்களின் பாதுகாப்பு ஆய்வாளர்,
ரெஜைனா.

பொருள்: அரங்கில் அம்மோனியா கசிவதும் அபாய மணி அடைக்கப்பட்டிருப்பதும் – இறுதி ஆட்டத்துக்கு முன் ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பதினெட்டு ஆண்டுகளாக இந்த அரங்கில் ஐஸை உறைய வைப்பதும், வழித்துச் சமன் செய்வதும் என் வேலை. யார்மீதும் இதுவரை புகார் எழுதியதில்லை. தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, யாரும் எடுக்குமுன் பயந்து வைத்துவிட்டேன். அதனால்தான் இம்மனு.

2. ஜனவரி 26 அன்று எங்கள் பெண்கள் அணியான பேட்ஜர்ஸ் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, இயந்திர அறை வாசலிலுள்ள அபாய மணி அடித்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. பழைய மணி, ஈரத்துக்குக் கத்துகிறது என்று நினைத்து, மட்டையில் சுற்றும் கறுப்பு டேப்பால் அதன் சுத்தியலைக் கட்டினேன். ஆம் அம்மையீர், கட்டியவன் நானேதான். மறுநாள் அவிழ்த்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அன்று ஐந்துக்கு நான்கு என ஜெயித்துவிட்டோம்.

3. ஜெயிக்கத் தொடங்கிய அணி எதையும் மாற்றாது என்பது தாங்களும் அறிந்ததே. பிள்ளைகள் அன்றிலிருந்து காலுறை துவைக்கவில்லை. வெற்றி தொடரும்வரை தாடியை மழிக்கக் கூடாது என்பது ஹாக்கி வழக்கம்; அவர்களுக்குத் தாடி வளராதென்பதால் அப்பாமார் நாங்கள் வளர்க்கிறோம். அந்த டேப்பும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன்பின் ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதும் வெற்றி.

4. பிப்ரவரி 28 அன்று பம்பின் அருகே குனிந்தபோது கண் எரிந்தது. பூனை மூத்திரம் போன்ற நெடி. சந்தேகமே இல்லை, ஐஸை உறைய வைக்கும் நச்சு வாயுவான அம்மோனியா. உடனே ஹாக்கி கழகத் தலைவர் கோர்டி லிஷ்காவிடம் சொன்னேன். "மெர்வ், உனக்குப் புண்ணியமாப் போகும், ஃபைனல் முடியிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. ஐஸை நிறுத்தினா ஆட்டம் பக்கத்து ஊருக்குப் போயிடும். கோல் காக்கிறது உன் மகப்பா! அவ வாயில நீயே மண்ணைப் போடுவியா?" என்றார். அரங்கில் காபி விற்கும் ஐரீன், "டேப்புல கை வெச்சே, இந்த ஜென்மத்துல உனக்குக் காபி கிடையாது, சொல்லிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. அன்று மாலையே டேப்பைக் கிழித்தெறிந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் புது டேப் சுற்றியிருந்தது. அதையும் கிழிக்கப்போன என்னைத் தலைவர் தடுத்து, "ஒரு வாரம் வீட்ல இரு, தலைவலி எல்லாம் சரியாயிடும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். ஆகவே இயந்திரத்தை நிறுத்தவும் இப்போது என்னால் இயலாது. பயிற்சியோ தினமும் மாலையில் நடக்கிறது.

6. இரண்டாம் முறை சுற்றியது யார் எனத் தாங்கள் கேட்கக்கூடும். கீழிருந்து மேலாக, இடைவெளியின்றி, முடிவில் இரட்டைச் சுற்று, நுனி பல்லால் கடித்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, ஹாக்கி மட்டையில் சுற்ற, நான் கற்றுக்கொடுத்த சுற்று அது. என் மகள் டெஸ்ஸாவுக்கு இப்போது பதினாறு. அவளிடம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன கேட்பது? மணியைக் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குக் காட்டியவனே நான்தானே. அவள் காக்கும் கோல், ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலிலும் மூன்றாவதிலும், இயந்திர அறைச் சுவரிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது.

7. ஆகையால் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி ஆட்டம்வரை காத்திராமல், முடிந்தால் இன்றே, முன்னறிவிப்பின்றித் தாங்கள் நேரில் வந்து அரங்கை மூடி உதவ வேண்டுகிறேன். ஊர் என்னோடு பேசாது. என் மகளும் பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும். டேப் குறித்துத் தங்கள் அறிக்கையில் என் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்.

இடம்: வில்லோபெண்ட்
நாள்: மார்ச் 5, 2019

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
மெர்வின் ஸ்டாட்னிக்

பி.கு.: இம்மனுவை மின்னஞ்சலில் அனுப்பத் துணிவு வேண்டி, சற்றுமுன் தாடியை மழித்துவிட்டேன். டெஸ்ஸா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.