பதினைந்தாவது கட்டம்

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

படம் வந்தது. கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் நான் எடுத்த அம்மாவை அனுப்பினேன். நீங்கள் அச்சடித்து அனுப்பியிருப்பது மாவு பூசிய யாரோ ஒருத்தியை. "அட, உங்க மாமா இப்பவாச்சும் என்னைச் சிவப்பாக்கிட்டானே!" என்று அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

இருபதாம் தேதி பள்ளிக் கண்காட்சி. இந்தப் படத்தை மாட்ட மாட்டேன். சரியான படம் வராவிட்டால் வெறும் சட்டம்தான் தொங்கும்.

மின்னஞ்சலில், வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் இருபத்தொரு சாம்பல் கட்டங்கள் அனுப்பியிருக்கிறேன். எதையும் திருத்தாமல் அச்சடித்து அனுப்புங்கள்.

கோபம் குறையாத
மருமகள்

மார்ச் 6

வாத்தியாரம்மாவுக்கு,

முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். கறுத்த முகத்தை அப்படியே அடித்தால் கண்ணும் மூக்கும் மையில் முங்கிவிடும். வெளுக்காமல் வழியில்லை. அக்கா நிறம் அப்படி, நான் என்ன செய்ய? நீ கேட்ட கட்டங்கள் இத்துடன் இருக்கின்றன. வைத்துத் தாயம் விளையாடு.

மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

விளையாடினேன். மை நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, பள்ளி ஸ்கேனரில் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்தேன். படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே அளவு கறுக்க வேண்டும். உங்கள் பிரிண்டர் அவசர அவசரமாக இறங்கி, பதினைந்தாவது படியில் தொபுக்கென்று தரையில் விழுகிறது. அதற்கப்புறம் எல்லாம் ஒரே கறுப்பு. அம்மாவின் முகம் முழுக்க அந்தக் கடைசிப் படிகளில்தான் இருக்கிறது.

அந்தத் தாளில் யார் முகமும் இல்லை, மாமா. அங்கே யார் நிறத்தைக் குறை சொல்வீர்கள்?

எந்தப் படிக்கு எவ்வளவு மை குறைய வேண்டும் என்று ஒரு வளைகோடு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிண்டரைத் திருத்துங்கள். அம்மாவைத் தொடாதீர்கள்.

இன்னும் குறையாத
மருமகள்

மார்ச் 17

வாத்தியாரம்மாவுக்கு,

உன் வளைகோட்டைப் பிரிண்டரில் போட்டேன். இருபத்தொரு கட்டமும் தனித்தனியாக நின்றன. பிறகு அக்காவை அடித்தேன். நெற்றியோரம் ஒரு தழும்பு தெரிந்தது. பழக்கத்தில் கை அழிக்கப் போனது. அப்புறம்தான் உறைத்தது, அது ஏழு வயதில் நான் எறிந்த கல். அக்காவின் கல்யாணப் படத்தில்கூட அது இல்லை. எடுத்ததும் வெளுத்ததும் நான்தான்.

அழிக்கவில்லை.

சட்டத்தைத் துடைத்து வை. இதைத் தபாலில் போட மனசில்லை, நானே கொண்டுவருகிறேன். அக்காவிடம் சொல்லாதே.

மாமா