பனியில் ஒரு மின்விசிறி

ஜூலை 14, 1997

வெளியே நூற்று இரண்டு டிகிரி. நான் ஒலிப்பதிவு அறைக்குள் நின்று காலையிலிருந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். "அடேயப்பா, என்னா பனி! என் முள்ளெல்லாம் வெறைச்சுப் போச்சு!" இதைச் சொல்லும்போது மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக் காகிதம் நனைந்துவிட்டது.

பர்பாங்கில் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜூலையில்தான் வரும். எங்களுக்குக் குரல் முதலில், படம் பிறகு. நாங்கள் பேசி அனுப்பினால்தான் கடல் கடந்து இருக்கிறவர்கள் அதைக் கேட்டு வாயசைவை வரைவார்கள். ஏசி போட்டால் மைக் அதையும் கேட்டுக்கொள்ளும். ஆகவே ஏசி கிடையாது. நைலான் உடுத்தக் கூடாது, வளையல் கூடாது. வாய் சப்புக் கொட்டாமலிருக்கப் பச்சை ஆப்பிள் கடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் தின்ற பச்சை ஆப்பிளுக்கு ஒரு தோப்பே வைத்திருக்கலாம்.

இந்தத் தடவை கிறிஸ்துமஸ் வீடியோ கேசட். மூன்று கதை. நடுநடுவே ஒரு பனிமனிதன் வந்து முன்னுரை சொல்லுவான். முதல் கதை முயல்களுக்கு, இரண்டாவது கடற்சிங்கக் குடும்பத்துக்கு, கடைசி என் பர்டாக்குக்கு. பர்டாக் முள்ளம்பன்றிக் குட்டி. தொலைக்காட்சியில் வந்து பத்தொன்பது வருடமாகிறது, அவனுக்கு இன்னும் ஏழு வயதுதான். எனக்குத்தான் ஐம்பத்தெட்டு ஆகித் தொலைத்துவிட்டது.

கதை இதுதான்: கிறிஸ்துமஸுக்கு எல்லாக் குட்டிகளும் பொம்மை கேட்கின்றன. பர்டாக் மட்டும், யாராவது ஒரு தடவை தன்னைக் கட்டிப்பிடித்தால் போதும் என்கிறான். முள்ளம்பன்றியை யார் கட்டிப்பிடிப்பார்கள்? படித்ததும் அழுதுவிட்டேன்.

என் கணவன் ஓரின் சொன்னான்: "பன்னிக்குட்டிக்காக அழறியா? போன வருஷம் எனக்கு இடுப்புல ஆபரேஷன் நடந்தப்ப காப்பி குடிச்சுக்கிட்டு இருந்த."

அவன் குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வாயில்தான் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. எனக்கு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டப் பயம் என்பதால் இத்தனை வருடமும் அவன்தான் கொண்டுவந்து விடுகிறான். விட்டுவிட்டு வாசலில் காரிலேயே உட்கார்ந்து வானொலியில் பேஸ்பால் கேட்பான். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. "பெரியவங்க பன்னி மாதிரி பேசறத நின்னு பாக்கணுமா?" என்பான்.

ஜூலை 16

கடைசிக் காட்சி. இயக்குநர் காரோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இமோஜீன் ஜான், இத ஒரே மூச்சுல சொல்லுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க" என்றார். கிளெண்டேல் ஆர்மீனியர். யாரைக் கூப்பிட்டாலும் பிரியத்துக்கு அவர்கள் மொழியில் ஒரு 'ஜான்' ஒட்டாமல் கூப்பிட மாட்டார். பனிமனிதனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்குப் பேசி வைத்திருக்கிறார். அவர் உச்சரிப்பில் பனிமனிதன் கபாப் கடை வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

நான் சொன்னேன்: "நான் குத்த மாட்டேன். மெதுவா வாங்க. நான் அசையாம நிக்கிறேன்."

நின்றேன். அறையே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அப்போது என் வயிறு பேசியது. வெக்கையில் காலையில் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பலன். சின்னச் சத்தமில்லை, கடமுடா என்று நீளமாக. நானோ பர்டாக்காகவே நின்றேனா, வாயை மூடாமல் அவன் குரலிலேயே, "ஐயய்யோ, என் வயித்துக்குள்ள யாரோ மேஜைய நகத்துறாங்க! மன்னிச்சுக்கோங்க... யாராச்சும் ஃபேனப் போடுங்களேன், உருகிருவேன்!" என்று விட்டேன்.

காரோ சிரித்துச் சிரித்து மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டார். "இதுதான் டேக்! வயித்த மட்டும் வெட்டிருவோம்."

ஜூலை 17

தொண்டை கட்டிவிட்டது. பேச்சே வரவில்லை. ஓரின் வெகு உற்சாகமாக இருக்கிறான்.

ஆகஸ்ட் 5

தயாரிப்பாளர் மார்சியா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மார்சியா சாலட் வாங்கிக் கொடுத்தால் கெட்ட செய்தி என்று எங்கள் கட்டடத்தில் காவலாளிக்குக்கூடத் தெரியும். பெரிய சாலட். மேலே வாதுமைப் பருப்பு வேறு.

"கேசட் பெட்டி மேல பிரபலமான ஒரு பேரு வேணும் இமோஜீன். டெவின் ரஸ்க் ஒத்துக்கிட்டாரு."

டெவின் ரஸ்க் என்றால் வியாழக்கிழமைத் தொடரில் சட்டைப் பொத்தான் போடாமல் வருகிற பையன்.

"ஒத்துக்கிட்டாரா? எதுக்கு?"

"பர்டாக்குக்கு. படம் வரஞ்சு வந்ததும் அது மேல அவர் பேசுவாரு. வரையறவங்களுக்கு உங்க குரல் போதும்."

"அப்ப நான் யாரு?"

"வழிகாட்டிக் குரல்" என்றாள். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு பருப்பை எடுத்துத் தின்றாள்.

வழிகாட்டியாம்! பத்தொம்போது வருஷமா அவனுக்குச் சளி புடிச்சா நான் தும்முனேன், அவன் விழுந்தா நான் கத்துனேன். இப்ப கைகாட்டி மரம் மாதிரி ரோட்டோரம் நின்னு, 'இப்படிப் போங்க தம்பி'ன்னு சொல்லணுமா? பெட்டி மேல பேரு வேணுமாம். பெட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு எவளாச்சும் யோசிச்சாளா? — அழுகிறேன். கோபத்தில்தான். இல்லை, அழுகைதான். அவன் என் பிள்ளை மாதிரி. வேறு எப்படிச் சொல்வது?

ஓரினிடம் சொன்னேன். எழுந்துபோய், ஒழுகாத சமையலறைக் குழாயைப் பிரித்து மறுபடி மாட்டினான். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பையனுக்கு என்ன வயசு?" என்றான்.

"இருபத்தி நாலு."

"ஏழு வயசுக்கு உன்னவிட அவன் கிட்டக்கதான் இருக்கான், என்ன பண்றது."

கைப்பிடித் துணியை எறிந்தேன். குறி தப்பவில்லை.

அக்டோபர் 31

ஹாலோவீன். வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வந்த கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை முதுகு முழுக்க உறிஞ்சு குழாய்களை ஒட்டிக்கொண்டு நின்றது. பர்டாக் வேஷம்! பின்னாலிருந்து ஓரின், "பாப்பா, இவங்கதான் நெஜமான பர்டாக்" என்றான்.

அது என்னை மேலும் கீழும் பார்த்தது. "பர்டாக் பாட்டி கிடையாது."

சரி என்று குனிந்து அவன் குரலில், "எனக்கும் ஒரு மிட்டாய் குடேன்" என்றேன். பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டது.

ஜனவரி 6, 1998

காரோ வீட்டில் இன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ். அவர்கள் வழக்கம் அப்படி. மீனும் கீரையும் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சீட்டு: 'மார்சியாவிடம் இரண்டு தடவை சண்டை போட்டேன். இரண்டு தடவையும் சாலட் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.'

மார்ச் 19

காரோ தொலைபேசியில் கூப்பிட்டார். "ஜான், படம் வந்துருச்சு. நீங்க வந்து பாக்கணும். உக்காந்துதான் பாக்கணும்."

போனேன். மார்சியா ஏற்கெனவே திரைக்கு முன்னால் நின்றாள்.

பனி கொட்டுகிறது. பர்டாக் காட்டு நடுவில் நிற்கிறான். "நான் குத்த மாட்டேன். மெதுவா வாங்க." எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள்! கண்ணோரத்தில் ஒரு சொட்டு. பிறகு மௌனம். பிறகு — கடமுடா.

எனக்கு வேர்த்துவிட்டது. அவனுடைய வயிறு மேஜைபோல் இடமும் வலமும் நகர்ந்தது. அவன் வயிற்றைக் குனிந்து பார்த்தான், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான், வானத்தைப் பார்த்து, "யாராச்சும் ஃபேனப் போடுங்களேன்!" என்றான்.

போட்டார்கள்! அந்தப் பனிமனிதன் மூச்சிரைக்க ஒரு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்கு வயரில் செருகி, கொட்டும் பனியில் சுழலவிட்டான். அவன் மூக்கிலிருந்த கேரட் பறந்துவிட்டது.

நடந்தது என்னவென்றால், வயிற்றை வெட்டச் சொன்னதாகக் காரோ நினைத்திருக்கிறார். 'இதுதான் டேக்' என்று இயக்குநரே சொன்னாரே என்று ஒலித் தொகுப்பாளர் கை வைக்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பொறுப்பானவர்கள். காதில் கேட்டதையெல்லாம் வரைந்து அனுப்பிவிட்டார்கள். பனியில் எதற்கு ஃபேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்காக்காரர்கள் எதற்கும் துணிந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"வெட்டுங்க" என்றாள் மார்சியா.

"மேற்கொண்டு பாருங்க" என்றார் காரோ.

மின்விசிறிக் காற்றில் பர்டாக்கின் முள்ளெல்லாம் வாரிவிட்ட தலைமுடிபோலப் பின்னால் படிந்துவிட்டது. முயல்குட்டி லெட்டி அவனைத் தொட்டுப் பார்த்தாள். குத்தவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எங்கள் கதையில் லெட்டி ஒரு தடித்த போர்வையைப் போர்த்திவிட்டு அவனைக் கட்டிப்பிடிப்பதாக இருந்தது. வரைகிறவர்கள் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இனி ஃபேனை வெட்டினால் கட்டிப்பிடிப்பும் போய்விடும். திரும்ப வரைய நேரமும் கிடையாது.

மார்சியா முதல் தடவையாகச் சாலட் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 8

நாளைக்கு அந்தப் பையன் டப்பிங் பேச வருகிறான். எந்த இடத்தில் எப்படி மூச்சு விட்டேன் என்று சொல்லிக்கொடுக்க நான் போக வேண்டுமாம். போக மாட்டேன்.

ஏப்ரல் 9

போனேன்.

நல்ல பையன். அதுதான் எரிச்சல். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டிருந்தான். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றான். பேசவும் நன்றாகத்தான் பேசினான். குழந்தைக் குரலில் ஒரு கரகரப்பு, நான் தேடித் தேடிப் பிடித்தது, அவனுக்குத் தானாக வந்தது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்' என்று சொல்லக்கூட வழியில்லை.

வயிற்றுக் காட்சி வந்தது. அங்கேதான் சிக்கினான். வாய் பொருந்தியது, ஆள் பொருந்தவில்லை. "இவங்க நெஜமாவே வேர்த்துக்கிட்டுப் பேசியிருக்காங்க" என்று, அவனுக்காகவே பிடித்திருந்த அந்தப் பெரிய அறையின் சத்தமில்லாத ஏசியை நிறுத்தச் சொன்னான். எல்லோரும் சேர்ந்து வெந்தோம். மார்சியாவின் கண்மை வழிந்தது. அவன் பேசிப் பேசிப் பார்த்தான். கடைசியில் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அவன் குரல்ல 'டெவின்'னு ஒரு தடவ கூப்பிடுவீங்களா?"

கூப்பிட்டேன். "டேய் டெவின், எங்கடா போயிட்ட?"

ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் ஆகிவிட்டது அவனுக்கு. பிறகு மார்சியாவைப் பார்த்து, "தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் டிவி முன்னாடி இவன்கூடதான் உக்காந்து சாப்பிடுவேன். இப்ப நானே அவன் வாயப் பொத்தற மாதிரி இருக்கு. உங்களுக்குப் பெட்டில என் பேருதான வேணும்? அந்தப் பனிமனுஷன எனக்குக் குடுங்க" என்றான்.

காரோ, "தாராளமா எடுத்துக்கோ தம்பி" என்றார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

மார்சியா வெகு நேரம் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதை மைக் கேட்டிருக்கும். கைக்குட்டையால் கண்மையைத் துடைத்தாள்.

"மொதல்ல அந்த ஏசியப் போடுங்க."

அவ்வளவுதான். பர்டாக் என்னிடமே இருக்கிறான்! காருக்கு ஓடிவந்து சொன்னேன். ஓரின் வானொலியை நிறுத்தினான். ஆட்டம் முடியாமல் அவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "சரி, சாப்பிடப் போலாமா? சாலட் வேணாம்" என்றான்.

நவம்பர் 12

கேசட் வந்துவிட்டது. பெட்டி மேல் டெவின் பெயர் யானை அளவு. என் பெயர் பின்பக்கம், எறும்பு அளவு. எறும்பும் ஊரத்தான் செய்யும்.

ஓரின் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தான். முயல் கதையில் தூங்கினான், கடற்சிங்கத்தில் சோளப்பொரி தின்றான். எங்கள் கதையில் கடமுடா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இது உன் வயிறுதான்."

"எப்படித் தெரியும்?"

"முப்பத்தி ரெண்டு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், இது கூடவா தெரியாது?"

அதற்கப்புறம் லெட்டி கட்டிப்பிடித்தபோது, சோளப்பொரி தொண்டையில் சிக்கியதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டிசம்பர் 25

எண்பது டிகிரி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் மரத்துக்கு முன்னால் மின்விசிறியைப் போட்டு, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பொம்மை ஒன்றையும் யாரும் தொடவில்லை.

ஜூலை 13, 1999

இரண்டாவது கேசட். மறுபடி வெக்கை, மறுபடி பனி. இந்தத் தடவை வசனத்தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: 'பர்டாக்கின் வயிறு கடமுடா என்கிறது.'

வேண்டுமென்றே நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. மைக்கை வயிற்றுக்கு நேராக வைத்தார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை. காரோ வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினார். மார்சியா குழாய் வைத்து ஆரஞ்சுச் சாறு குடிக்கச் சொன்னாள். ஊஹும். தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அவ்வளவு அடக்கமாக இருந்தது சனியன்.

அப்போது கதவு திறந்தது. ஓரின். "வீட்டுச் சாவி உன் பையில இருக்கு. எவ்ளோ நேரம் கார்ல உக்காந்திருக்கறது? பசிக்குது" என்று சொல்லி முடிக்கவில்லை — கடமுடா. மேஜை இல்லை, அலமாரியே நகர்ந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரோ மெதுவாகக் கையைத் தூக்கினார். "ஓரின் ஜான், அசையாதீங்க."

படத்தின் முடிவில் 'பர்டாக்கின் வயிறு' என்று போட்டு அவன் பெயரும் வருமாம். வரும் வழியில் முடிதிருத்துகிறவரிடம் நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தான். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான். இப்போது சமையலறையில் எதையோ உருட்டுகிறான். என்னவென்று கேட்டால், பச்சை ஆப்பிள் எங்கே வைத்திருக்கிறாய் என்கிறான்.