பதினேழாம் பெட்டியின் இரண்டு படங்கள்

மார்ச் 4, திங்கள்

விடுமுறை. பூங்காவுக்குத்தான், எனக்கில்லை.

கேமராக் கடைக்காரர் புதுக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வரை வைத்துப் பார்க்கலாமாம், பிடித்தால் வாங்கலாமாம். முதலாளியம்மா வழக்கம்போல நின்றபடியே சொன்னார்: "ரெண்டுலயும் எடு. எதுல பளிச்சுன்னு விழுதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. கதை எழுதிராத."

ராட்டினத்தில் இருபத்துநான்கு பெட்டிகள். ஒவ்வொன்றையும் சக்கரத்தோடு பிடித்து நிற்பவை இரண்டு இரும்புக் கைகள். அந்தக் கைகளில் வெல்டிங் வைத்த இடத்தைத் திங்கள்தோறும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. நாற்பத்தெட்டு இடம், நாற்பத்தெட்டுப் படம். என் தம்பி மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவருவான். ராட்டினத்தை ஓட்டுவதும் அவன்தான். இன்று இரண்டு கேமரா என்பதால் தொண்ணூற்றாறு தடவை குனிந்து நிமிர்ந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது.

ஒவ்வொரு பெட்டிக்கும் தம்பி ஒரே கேள்வியைக் கேட்டான். "சிலந்தி இருக்காக்கா?" சலிக்கவே இல்லை அவனுக்கு. போன வருஷம் பெயின்ட்டில் ஒட்டியிருந்த சிலந்தி நூலைக் கீழிருந்து வெறுங்கண்ணால் பார்த்து, விரிசல் என்று நினைத்து, கூட்டம் அலைமோதிய ஒரு நாளில் நான் ராட்டினத்தை நிறுத்தினேன். ஆயிரம் பேர் முன்னால் வெல்டர் அண்ணன் ஏணியில் ஏறி, அதை இரண்டு விரலால் எடுத்து ஊதிக் காட்டினார். அன்றிலிருந்து டிக்கெட் கொடுக்கிற பெண்கூட என்னைச் 'சிலந்தி அக்கா' என்கிறாள். போகட்டும். பேர் வைக்காமல் யார்தான் இருக்கிறார்கள் இங்கே.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் டிக்கெட் அறைச் சுவரில் செய்தித்தாளின் வரிவிளம்பரப் பக்கத்தை ஒட்டினேன். இரண்டு கேமராவையும் ஒரே ஸ்டாண்டில், ஒரே தூரத்தில் வைத்து எடுத்தேன். தூரம் தப்பாமல் இருக்க என் துடைப்பக் குச்சி இருக்கிறது; அதை வைத்து அளப்பதைப் பார்த்து யாரும் சிரிக்காத நாள் கிடையாது.

கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடேயப்பா! புதியதில் காகிதத்தின் நார்கூடத் தெரிகிறது. பழையதில் மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் ஒரே கொழகொழப்பு. ஒரு பக்கம் என்ன, ஒரு வரியே போதும் என்று நினைத்தேன். நல்ல சந்தோஷம்.

பிறகு ராட்டினப் படங்களைத் திறந்தேன்.

பதினேழாம் பெட்டி, உள்பக்கக் கை. புதிய கேமராவின் படத்தில் ஒரு கோடு. வெல்டிங்கின் ஓரத்தோடு ஒட்டி, சுண்டுவிரல் நீளம், தலைமுடியை விட மெல்லியது. அதே இடம், அதே நேரம், பழைய கேமராவின் படத்தில் ஒன்றுமில்லை. வழுவழு.

முடியா? நூலா? பெயின்ட் உரிந்ததா? இருபது முறை பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே ராட்டினம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாப் பெட்டியிலும் ஆள். எழுந்து கதவு வரை போனேன். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சிலந்தி. அதுதான். அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 6, புதன்

காலை எட்டுக்கே போனேன். பெட்டியைக் கீழே இறக்கித் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியவே வேண்டாம். ஆனால் நேற்று தம்பி நிறுத்திவிட்டுப் போனபோது பதினேழு உச்சியில் நின்றுவிட்டது. சாவி அவனிடம். அவன் வந்தபோது மணி பத்து, வாசலில் வரிசை.

"ஒரு பெட்டிய மட்டும் இறக்கேன், பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மான்னா நாளைக்குப் பாரு. ஐயோ, மறுபடியும் சிலந்தியாக்கா?" பக்கத்திலிருந்த டிக்கெட் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று அரைநாள் பள்ளி. மதியம் தம்பி மனைவி பாப்பாவோடு வந்தாள். ஏழு வயது, அவளுக்கு அப்பாவின் ராட்டினத்தில் டிக்கெட் கிடையாது, ராணி மாதிரி ஏறுவாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயின. பதினான்கு. பதினைந்து. பதினாறில் ஒரு புதுத் தம்பதி ஏறினார்கள். அடுத்தது வந்து நின்றதும் பாப்பா குதித்து ஏறிவிட்டாள். அவள் அம்மாவும் கூடவே.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என்னடி செஞ்ச நீ? கத்தியிருக்க வேண்டாமா? பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, அதுக்கா பயந்த? பெத்த பிள்ளை மாதிரிதானே வளத்த அவள!

மேலேயிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

நாலு சுற்று. எண்ணினேன். இறங்கிவிட்டாள்.

மார்ச் 7, வியாழன்

ஒன்பதரைக்கே தம்பியை வரச் சொல்லிவிட்டேன். திங்களன்று எடுத்த படம் சரியாக விழவில்லை என்று பொய். பதினேழு இறங்கியது. துணியால் அழுத்தித் துடைத்தேன். கோடு போகவில்லை. நகத்தால் குறுக்கே இழுத்தேன், நகம் மாட்டியது.

நகம் மாட்டியது.

அப்போதும் என் மடப் புத்தி என்ன செய்தது? பழைய கேமராவில் ஏன் தெரியவில்லை என்று பார்க்கச் சொன்னது. மீண்டும் எடுத்தேன். மீண்டும் வழுவழு. லென்ஸைத் துடைத்து எடுத்தேன். அதேதான். பிறகு எதற்கோ மெனுவுக்குள் போனேன். படத்தின் அளவு: சிறியது.

வைத்தது யார்? நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மெமரி கார்டு கெட்டுப்போய், கையிலிருந்த குட்டிக் கார்டில் முப்பது படத்துக்கு மேல் ஏறவில்லை. நாற்பத்தெட்டும் ஏற வேண்டுமே என்று அளவைக் குறைத்தேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று. புதுக் கார்டு வந்தது, போட்டேன், அளவை மறந்தே போனேன்.

பெரியது என்று மாற்றி ஒரே ஒரு படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையிலேயே பெரிதாக்கினேன். கோடு. புதியதில் இருந்த அதே கோடு, அதே வளைவு. கேமராவில் ஒரு குறையும் இல்லை. பெட்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சாவியைக் குடு" என்றேன்.

"என்னக்கா விளையாட்டு, வாசல்ல கூட்டம் நிக்குது."

"குடுடா!"

நான் அவனை 'டா' போட்டுக் கத்திப் பல வருஷமாகிறது. கொடுத்துவிட்டான்.

முதலாளியம்மா வந்தார், வெல்டர் அண்ணன் வந்தார். அண்ணன் முதலில் சிரித்துக்கொண்டேதான் வந்தார். பெயின்ட்டைச் சுரண்டினார், விரிசலுக்குள் இறங்கும் சிவப்பு மையைத் தடவினார், ஊறவிட்டுத் துடைத்தார், வெள்ளைப் பொடியைத் தெளித்தார். எல்லோரும் நின்று பார்த்தோம். ஒரு நிமிஷம் வெறும் வெள்ளை. பிறகு சிவப்பு கசிந்து வந்தது, கோடாக. சுண்டுவிரல் நீளம் மட்டுமில்லை. பெயின்ட்டுக்கு அடியில் இன்னொரு விரல் நீளம் போயிருந்தது.

யாரும் சிலந்தி என்று சொல்லவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "மத்த பெட்டியையும் தடவிப் பாக்கலாம், எல்லாத்தையும் பாக்கலாம்" என்றார். மாலைக்குள் ஒன்பதாம் பெட்டியிலும் ஒன்று கிடைத்தது, சின்னது.

மார்ச் 8, வெள்ளி

முதலாளியம்மா என் தோளில் கை வைத்தார், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. "நல்ல வேளை புதுக் கேமரா வந்துச்சு. அந்தப் பழசு இத்தனை நாளா ஏமாத்திருக்கு. நாளைக்கே இதை வாங்கிடலாம், நீ எழுதிக் குடு."

நான் தலையாட்டினேன்.

எவ்வளவு சுலபம்! அளவைத் திரும்பச் சிறியது என்று வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பழைய கேமரா குப்பைக்குப் போகும், என் இரண்டு வருஷக் கையெழுத்தும் அதோடு போகும். என்னைப் பாராட்டவும் செய்வார்கள். மெனுவைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் வேலை போகலாம். போலீஸுக்குப் போவார்களோ? தெரியவில்லை.

மாற்றவில்லை. ஆனால் மாற்ற மாட்டேன் என்று இப்போதும் சத்தியம் செய்ய முடியாது.

மார்ச் 9, சனி

எழுதிக் கொடுத்த தாளின் நகல் இது:

"இரண்டு கேமராவிலும் விரிசல் ஒரே அளவு தெளிவாகத் தெரிகிறது. வெயிலில், துடைப்பக் குச்சி தூரத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. புதியது தேவையில்லை. பழைய கேமராவில் படத்தின் அளவை நான் சிறியதாக்கி வைத்து, இரண்டு வருஷம் அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் படங்களை நம்ப வேண்டாம். பதினேழில் கோடு இருப்பதைச் செவ்வாயன்றே பார்த்தேன். வியாழன் வரை சொல்லவில்லை."

முதலாளியம்மா அதை இரண்டு முறை வாசித்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, உட்கார்ந்தார். "ஏன்ம்மா சொல்லல?"

"சிரிப்பாங்கன்னு."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் அந்தச் சிலந்தி நாளில் சிரித்தவர்தான். கடைசியில், "இனிமே உன் கையெழுத்து மட்டும் போதாது. வெல்டரும் கூட நின்னு பாத்துப் போடட்டும். மத்தத இன்ஸ்பெக்டர் வந்து சொல்றபடி செய்வோம்" என்றார். கடைக்காரர் புதுக் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 10, ஞாயிறு

தாளில் எழுதியதைத் தம்பியிடம் நானே சொன்னேன். வேறு யார் வாயாலும் அவன் கேட்கக் கூடாது.

அவன் விரல்விட்டு எண்ணினான். "செவ்வாய்க்கிழமை பாத்த. புதன்கிழமை பாப்பா ஏறுனா."

"ஆமா."

"அதே பெட்டி."

"ஆமா."

"நீ அங்கதான நின்ன? கை ஆட்டுனியேக்கா."

அவன் கத்தியிருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 15, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பத்தெட்டையும் மறுபடி சோதித்தார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. வேலை இருக்கிறது. தம்பி என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 22, வெள்ளி

மோட்டார் அறையில் எதிரெதிரே வந்தோம். நான்தான் ஒதுங்கினேன்.

ஏப்ரல் 1, திங்கள்

பதினேழுக்கும் ஒன்பதுக்கும் புதுக் கைகள். எல்லாப் பெட்டியிலும் மணல் மூட்டை ஏற்றி நாள் முழுக்க ஓட்டினார்கள். நான் படமெடுத்தேன், வெல்டர் அண்ணன் பக்கத்தில் நின்றார். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அளவு பெரியதுதானா என்று மெனுவைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தெட்டு முறையும். கனவில் இன்னும் நகம் மாட்டுகிறது.

ஏப்ரல் 6, சனி

ராட்டினம் மறுபடி திறந்து முதல் சனிக்கிழமை. நல்ல கூட்டம். மதியம் பாப்பா வந்தாள். இவ்வளவு நாளும் அவன் அவளை இந்தப் பக்கம் கூட்டிவரவே இல்லை. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நான் ஏறப்போறேன்" என்றாள்.

தம்பி பிரேக் மேல் கையை வைத்தபடி நின்றான். பெட்டி கீழே வந்து நின்றது, பதினொன்று. அவன் அவளை ஏற்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். இருபத்தேழு நாளைக்குப் பிறகு.

"ஏத்தலாமாக்கா?"

திங்களன்று பார்த்தாயிற்று, இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஏத்து என்று சொல்லியிருக்கலாம். துணியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். ஒரு கை, துடைத்தேன், பார்த்தேன். மறு கை, துடைத்தேன், பார்த்தேன். நகத்தால் இழுத்தேன். வரிசையில் ஒருவர், "என்னம்மா, வீடு கூட்டுறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"ஏத்து" என்றேன்.

தம்பி அவளைத் தூக்கி உட்காரவைத்து, கம்பியை மாட்டினான். "அத்தை பாத்துட்டாங்க. பயப்படாம உக்காரு."

இன்றும் எண்ணினேன். நாலு சுற்று.