இடது தோளில் ஒரு கை

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. ஸ்டுடியோ ஜன்னலில் முதலில் துளிகள், அதற்குப் பின்னால் கண்ணாடி, அதற்கும் பின்னால் தெரு, தெருவில் குடைகள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, "மேடம் இன்னும் தரைக்கு எறங்கலையா? கல்யாண ஆல்பம் இன்னிக்கு போகணும்" என்றார். கணினியில், படத்தில் மணமகள் தலைக்குப் பின்னால் முளைத்திருந்த மின்கம்பத்தை எடுத்தேன். பறந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. வெளியே சொன்னதில்லை, சொன்னால் இன்னும் நாலு ஆல்பம் தலையில் விழும்.

வீட்டில் அப்பா ஒரு பழைய படத்தோடு காத்திருந்தார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். சட்டைக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் கட்டிங் மாஸ்டர். வழியனுப்பும் அன்று பெரிதாக வைக்க ஒரு படம் கேட்டார்களாம். "இது ஒண்ணுலதான் சிரிச்சிருக்கேன். அந்தக் கையை மட்டும் எடுத்துடும்மா."

மார்ச் 4

சித்தப்பாவின் கை. அப்பாவின் இடது தோளில் இருக்கிறது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது. சித்தப்பாவை வெட்டி எடுத்தவர் அப்பாதான். கட்டிங் மாஸ்டர் ஆயிற்றே, ஓரம் அவ்வளவு நேர்.

இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அதே கம்பெனியில் சித்தப்பா, தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தார். அப்பா வெட்டிய, கோடு போட்ட முந்நூறு சட்டைகளை எல்லோர் முன்னாலும் "கோடு சேரலை" என்று திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது. சித்தப்பா வேறு கம்பெனிக்குப் போனார். வீட்டில் அவர் பேச்சே இல்லாமல் போயிற்று. என்னை சைக்கிளில் வைத்துச் சுற்றியவர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன், வெட்கக்கேடு.

மார்ச் 7, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டுடியோ கணினியில் கையைப் பிரித்தேன். இந்த மென்பொருளில் படம் லேயர் லேயராக, கண்ணாடித் தாள்கள் அடுக்கியது போல இருக்கும். கை ஒரு தாளில், அப்பா ஒரு தாளில். பக்கத்தில் இருக்கும் கண் குறியைத் தட்டினால் கை மறையும். மறுபடி தட்டினால் வரும். நான் லேயருக்குப் பெயரே வைக்க மாட்டேன், முதலாளி தினமும் திட்டுவார். இதற்கு வைத்தேன்: சித்தப்பா.

கை போனதும் தோளில் ஓட்டை. அப்பா போட்டிருப்பது கோடு போட்ட சட்டை; அதன் வலது தோளை நகலெடுத்து, திருப்பிப்போட்டு ஒட்டினேன். கையைக் காட்டி, மறைத்து, காட்டி... எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. டீ ஆறிப்போயிருந்தது.

மார்ச் 9

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "தடிக்கோட்டுக்கு வலப்பக்கம்தான் மெல்லிசு வரும். இங்க இடப்பக்கம் வந்திருக்கு பாரு. கோடு சேர—"

பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சித்தப்பா அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை.

மார்ச் 10

திருப்பிப்போட்டது என் தப்பு. கோடுகளும் சேர்ந்து திரும்பிவிட்டன. அதே துணியில் ஒரு இடது தோள் வேண்டும். எங்கே போவது?

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேர் சட்டையும் ஒரே துணிடி. உங்கப்பாதான் வெட்டினாரு."

மார்ச் 12

போன் செய்துவிட்டேன். என்ன பேசுவதென்று ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டு, எடுத்ததும் உளறினேன்: "சித்தப்பா, உங்க இடது தோள் வேணும்."

"யாருக்கு, அண்ணனுக்கா?"

"ஆமா."

"எடுத்துக்கோ பாப்பா."

எந்தப் படமென்று சொன்னேன், பத்து நிமிஷத்தில் போனுக்கு வந்தது. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பிரதி. வெட்டாமல், முழுசாக, இரண்டு பேரும் இருக்கிறார்கள். பார்த்ததும் அழுதேன். பக்கத்து மேஜைக்காரி "என்னாச்சு?" என்றாள். தூசு என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

சித்தப்பாவின் தோளை வெட்டி, அப்பாவின் தோளில் வைத்தேன். தடிக்கோடு, மெல்லிசு, தடிக்கோடு. ஒட்டியதே தெரியவில்லை. அப்பாவிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் படமே வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால்... தெரியவில்லை. ஜன்னலில் இன்றும் மழை.

மார்ச் 16

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கணினியில் திறந்து வைத்தேன், அப்பா பார்த்தார். திரைக்குக் கிட்டே போய் இன்னொரு தரம் பார்த்தார்.

"இது என் தோள் இல்ல."

தோள் விளிம்பை விரலால் காட்டினார்.

"அவனுக்கு இடது பக்கம் கொஞ்சம் எறங்கும். கால் இஞ்ச் கூட விட்டு வெட்டினேன். அது யாருக்கும் தெரியாது." பிறகு, "பேசினியா?" என்றார்.

"பேசினேன்ப்பா. கோவிச்சுக்காதீங்க."

திட்டு விழும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கண் குறியைக் காட்டி, "இது என்ன?" என்றார். தட்டிக் காட்டினேன். கை வந்தது. அவரே மௌஸை வாங்கித் தட்டினார். போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. வந்தபோது நிறுத்திவிட்டு எழுந்தார்.

வாசலில் செருப்பைத் தேடியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கும் கோடு சேரலைதான்."

மார்ச் 31

வழியனுப்பும் கூட்டத்தில் படம் பெரிதாக இருந்தது, கையோடு. யார் கை என்று அப்பாவிடம் வேலை பழகிய சின்ன மாஸ்டர் கேட்டார். "என் தம்பி கை" என்றார் அப்பா.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்தான் போன் செய்து கூப்பிட்டேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எனக்குப் போதும்.

சித்தப்பா வந்து வாசலிலேயே நின்றார். தலை முழுக்க நரை. அம்மா "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சட்டைடா இது? இடது தோள் இப்படித் தொங்குது. யார் வெட்டினா?"

"ரெடிமேட்ண்ணே." சித்தப்பா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு வேற யார் வெட்டுவா?"

அப்பா அளவெடுக்கும் டேப்பை எடுத்துவந்தார். சித்தப்பா கைகளைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். "எழுதும்மா" என்றார் அப்பா. கைக்கு எட்டியது இந்த நோட்டுதான்.

தோள் 18½. கை 24. மார்பு 42. இடது தோளுக்கு கால் இஞ்ச் கூட.